டிராபிக் அக்காவின் காது

டிராபிக் அக்காவுக்கு இருந்ததைப் போல இன்னொரு காது தொண்டை மண்டலத்தில் இன்னும் முளைக்கவில்லை. நான் லாரியில் ஏறிப் பல ஊர் சுற்றியவன். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் நாயைப் பார்த்திருக்கிறேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு வயலில் நடந்து, இங்கே தோண்டு, தண்ணி வரும் என்று சொல்கிறவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்திருப்பவன் நகம் கடிக்கலாமா என்று யோசிக்கும்போதே, திரும்பிப் பார்க்காமல் கையைத் தூக்கி அவனை நிறுத்துகிற ஆளை உத்திரமேரூரில் மட்டும்தான் பார்த்தேன்.

அந்தக் கை தூக்குவதால்தான் டிராபிக் அக்கா என்று பெயர் வந்தது. சாலை நடுவில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி உள்ளங்கையை விரித்து, முழங்கையை மடக்காமல், நேராகத் தூக்குவார். சத்தம் நின்றதும் கை இறங்கும். வாயைத் திறக்கவே மாட்டார். ஒருநாள் நான் கேட்டேன்.

"ஏன்கா, உஷ்ஷுன்னு ஒரு வார்த்த சொன்னா போதாதா? இன்னாத்துக்கு கைய தூக்கிக்கினு?"

"அந்த உஷ்ஷே எனக்கு ஆவாதுடா. வூட்டுக்குள்ள பாம்பு பூந்தா மாதிரி கீது."

பெயரை வைத்தவன் ஸ்பேனர். டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன்; எங்களோடு படித்தவன். அக்காவுக்குத் தெரிந்தால் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நல்ல பேருதான். கவர்மெண்டு உத்தியோகம் மாதிரி கீது" என்றார்.

நாங்கள் படித்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஜார் தெருவில் ஒரு மாடி. கீழே மாவு மிஷின், மேலே டுடோரியல். கீழே ஆள் வரும்போதெல்லாம் அரிசியும் மிளகாயும் அரைபட்டன. மேலே பத்தாவதைக் கோட்டைவிட்டவர்கள் அரைபட்டோம். தரையில் இருந்த விரிசல் வழியே மாவு மேலே வரும். வகுப்பு முடியும்போது எல்லோருக்கும் தலை நரைத்திருக்கும். மிளகாய் அரைக்கும் நாளில் மாஸ்டர் பித்தாகரஸ் தேற்றத்தைச் சொல்லிக்கொண்டே கண்ணீர் விடுவார்.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை சின்னது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி, செங்கல் சூளை, லாரி கிளீனர் வேலை, கல் உடைக்கும் கிரஷர் என்று போய்க்கொண்டிருந்தேன். கிரஷரில் ஒரு கல் காலில் விழுந்து கட்டைவிரல் போய்விட்டது. இனி லோடு தூக்க முடியாது. பத்தாவது பாஸ் செய்தால் லாரிகளை எடை போடும் எடை மேடை அறையில் உட்கார வைக்கிறேன் என்று முதலாளி சொன்னார். அது நிழலான வேலை. அதனால் வந்தேன்.

அக்கா பெருநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்தைத் தாண்டியவர். ஊர் அங்கன்வாடியில் ஆள் வராத நாட்களில் கூப்பிட்டால் போய்ச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே உதவியாளர் வேலை காலியாகப் போகிறது. அதற்குப் பத்தாவது வேண்டும். வயது வரம்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. மற்ற பாடங்களையெல்லாம் முடித்துவிட்டார். கணக்கு மட்டும் இரண்டு முறை கவிழ்த்துவிட்டது. இந்தத் தடவை விட்டால் அப்புறம் வேலையே இல்லை.

இது எனக்குத் தெரிய வந்தபோது தூக்கிவாரிப் போட்டது. பேனா மூடியைத் திறக்கும் சத்தம் தாங்காதவர், வரிசையாகக் குழந்தைகள் கத்துகிற இடத்தில் வேலை கேட்கிறாரே!

"அங்க போனா உன் காது இன்னா ஆவுறதுக்கா?"

"புள்ளைங்க அயுதா அதுக்கு ஒரு காரணம் கீதுடா. பசி, மூத்திரம், அம்மாவ காணோம். தோ, அவன் பேனாவ டொக்கு டொக்குனு அமுக்கிக்கினு கீறானே, அவனுக்கு இன்னா காரணம்? பசியா?"

சொல்லிக்கொண்டே கையைத் தூக்கினார். டொக்கு நின்றது.

அந்தக் காதைப் புரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு அன்றைக்குத்தான் பிடித்தது. கணக்கில் வராத ஆவல் இதில் வந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சோதனை செய்ய ஆரம்பித்தேன். ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸை டணாரென்று கீழே போட்டேன். வகுப்பே துள்ளியது, அக்கா திரும்பவில்லை. சற்று நேரம் கழித்து மேசைக்கு அடியில் இரண்டு நகங்களை ஒன்றோடொன்று உரசினேன். கை எழுந்தது. ஒருநாள் தெருவில் கல் லாரி ஒன்றின் டயர் வெடித்தது. மாஸ்டர் பயந்து சாக்பீஸை விழுங்காத குறை. நாங்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம். அக்கா மட்டும் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு ஒருவன் முழங்காலை ஆட்டத் தொடங்கினான். கை எழுந்தது.

இது என்ன காது? பீரங்கி நுழைகிற கதவில் கொசு நுழையக் கூடாதா?

அக்காவுக்கே அது புரியவில்லை. அவர் ஒரே ஒரு முடிவில் இருந்தார்: சத்தம் குறைந்தால் கணக்கு வரும். அதற்காக அவர் செய்த முயற்சிகளை இன்னொருவர் செய்திருந்தால் ஐ.ஏ.எஸ். ஆகியிருப்பார்.

முதலில் பஞ்சு. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்தார். அரை மணி நேரத்தில் பிடுங்கி எறிந்துவிட்டார். "பஞ்சு வச்சா என் மூச்சு எனக்கே கேக்குதுடா. வெளிய இருக்கிறவனையாவது கைய காட்டி நிறுத்தலாம். என் மூச்ச எப்பிட்றா நிறுத்துவேன்?"

அடுத்தது ஹெல்மெட். வீட்டுக்காரருடைய ஹெல்மெட்டைக் கொண்டுவந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, வாரைக் கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வந்த மாஸ்டர், "எங்கம்மா கிளம்பிட்ட? இப்பதானே வந்த?" என்றார். பதில் இல்லை, அவருக்குத்தான் கேட்கவில்லையே. ஸ்பேனர் எழுந்து நின்றான்.

"சார், வண்டி ஓட்டுறப்போ ஹெல்மெட்டு போடாத ஊருல, கணக்கு போடுறப்போ ஹெல்மெட்டு போட்டுக்கினு கீறாங்க. பாராட்டணும் சார்."

ஹெல்மெட்டும் இரண்டு நாள்தான். வெயிலுக்கு உள்ளே தலை வெந்துவிட்டது. பிறகு ஸ்பேனர் தன் செல்போனையும் இயர்போனையும் கொடுத்து, "பாட்டு போட்டுக்கக்கா, எதுவும் கேக்காது" என்றான். அக்கா திருப்பிக் கொடுத்தார். "பாட்டு ஓடினா நான் பாட்டத்தான கேப்பேன்? அப்பறம் கணக்க யாரு போடுறது? அதுவும் இல்லாம, பரீட்சைக்கு இத்த உள்ள வுடுவானா?"

இதற்கப்புறம்தான் அக்கா தன் காதை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

அமுக்குகிற பேனா வைத்திருந்தவர்களுக்கெல்லாம் மூடி போட்ட பேனா வந்தது. மூடியைத் திறக்கும்போது புடவைத் தலைப்பில் பிடித்துத் திறக்க வேண்டும் என்றார். புடவை இல்லாதவர்கள் சட்டை நுனியில். பழைய ரப்பர் செருப்புகளைத் துண்டு துண்டாக வெட்டி வந்து பெஞ்சுக் கால்களின் அடியில் ஆணி அடித்தார். தையல் மிஷின் எண்ணெய்க் குப்பியோடு ஒருநாள் சீக்கிரமே வந்து கதவுக் கீலுக்கு விட்டார், ஜன்னல் கொக்கிக்கு விட்டார், மேலே ஏறி மின்விசிறிக்கும் விட்டார். அன்றைக்கு மாஸ்டர் வெள்ளைச் சட்டை. இயற்கணிதம் நடத்தி முடிக்கும்போது அவருடைய முதுகில் ஒரு எண்ணெய்ச் செக்கே ஓடியிருந்தது.

கதவு சத்தமில்லாமல் ஆனதில் ஒரு விளைவு இருந்தது. மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது ஒவ்வொருவராக வெளியே நழுவி டீ குடித்துவிட்டு வந்தோம். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்தபோது அக்கா மட்டும்தான் இருந்தார்.

"எங்கம்மா எல்லாரும்?"

"இப்பதான் சார் நீங்க சொல்றது நல்லா புரியுது" என்றார் அக்கா.

கடைசிப் பிரச்சினை ஸ்பேனரின் வேர்க்கடலை. வறுத்த கடலையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து வகுப்பு முழுக்கக் கொறிப்பான். அவன் கடைவாயில் ஒரு கடலை உடைவது எங்களுக்குக் கடலை உடைவது. அக்காவுக்கு அது வீடு இடிவது. கையைத் தூக்கித் தூக்கி அவருக்குத் தோள் வலி வந்துவிட்டது. அவன் விடவில்லை. "நாஷ்டா துன்ற நேரத்துல வண்டிக்கு அடியில படுத்துக்கினு கீறேன்கா. இதான் என் நாஷ்டா. இத்தயும் வுட்டா நான் காத்தயா துன்றது?"

மறுநாள் அக்கா ஒரு பெரிய தூக்குவாளியோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். உள்ளே அவித்த வேர்க்கடலை. தோலை உரித்து, உப்புப் போட்டு வேகவைத்தது.

"துன்னு. எவ்ளோ வோணா துன்னு. மெத்துனு கீது, சத்தமே வராது."

அவனுக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர்கள் பொருமுவார்கள் என்று வகுப்புக்கே கொண்டுவந்தார். அதுவே பழக்கமாகிவிட்டது. டுடோரியலுக்கு ஆள் வருவது கூடியது. எனக்கு அந்தக் காலத்தில் காலை உணவு அதுதான். சில நாட்களில் மதிய உணவும் அதுதான். மாஸ்டர் கூட, "கடலை தீர்ந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார்.

இப்படிக் கடலை தின்ற கடனோ, அக்காவின் மேல் வந்த பாசமோ, பொதுத் தேர்வுக்கு முன்னால் வைத்த மாதிரித் தேர்வில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். இந்த ஒரு தேர்வையாவது அக்கா நிம்மதியாக எழுத வேண்டும் என்று மாஸ்டரே முன்னின்றார். மாவு மிஷின்காரரிடம் பேசி அன்று காலை மிஷினை நிறுத்தச் சொன்னார். பக்கத்து டீக்கடையில் டி.வி.யை அணைத்தார்கள். மின்விசிறியைப் போடவில்லை. செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டு வந்தோம். பெண்கள் வளையலைக் கழற்றிக் கைப்பையில் துணி சுற்றி வைத்தார்கள். மாஸ்டர் கேள்வித்தாளைக் கொடுக்கும்போது தாள் சரசரக்காமல் இருக்க, குழந்தையைக் கைமாற்றுவது போல இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

பஜார் தெருவில் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அக்கா எங்களைச் சுற்றிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பேனாவை எடுத்தார்.

முதல் கணக்கைத் தொட்டிருப்பார். கை எழுந்தது.

யாரென்று எல்லோரும் பார்த்தோம். மாஸ்டரின் வயிறு. காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறார். அவர் வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டார். கை இறங்கியது, மறுபடி எழுந்தது. ஸ்பேனரின் மூக்கு நுனியிலிருந்து வியர்வை தாளில் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அண்ணாந்து உட்கார்ந்தான். பிறகு உத்தரத்தில் பல்லி. பிறகு யாரோ எச்சில் விழுங்கினார்கள். பிறகு எதுவுமே இல்லை. ஆனாலும் அக்காவின் இரண்டு கைகளும் மேலே நின்றன. யாரை நிறுத்துகிறார் என்று அவருக்கே தெரியவில்லை. நாங்கள் மூச்சைப் பிடித்தோம். மூச்சைப் பிடித்தவர்கள் விடும்போது இன்னும் பெரிய சத்தம் வந்தது.

அக்கா சடாரென்று எழுந்து படியிறங்கி ஓடினார். நான் நொண்டிக்கொண்டே பின்னால் போனேன். கீழே மிஷின்காரர் வேலையில்லாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணா, மிஷின போடு."

"அரைக்க ஒண்ணும் இல்லியேம்மா. உனக்காகத்தான் எல்லாரையும் திருப்பி அனுப்பிட்டேன்."

"சும்மா ஓடட்டும்ணா."

"சும்மா ஓடினா கல்லு தேஞ்சிடும்மா."

"எம் மண்ட தேயிதுண்ணா! போடுண்ணா!"

மிஷின்காரர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் உள்ளே போய், தன் வீட்டுக்கு வைத்திருந்த அரிசியைக் கொண்டுவந்து கொட்டி ஸ்விட்சைப் போட்டார். கட்டடம் முழுக்க 'ம்ம்ம்' என்று நடுங்கியது. அக்கா படியேறினார். உட்கார்ந்தார். குனிந்தார். அதன் பிறகு கை எழவே இல்லை; பேனா நிற்கவே இல்லை.

தேர்வு முடிந்து பஸ் நிலையம் வரை அக்காவோடு நடந்தேன். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"இத்தினி வருசமா எனக்கே தெரியலடா. பெரிய சத்தம் பாய் மாதிரி. சின்ன சத்தத்த எல்லாம் உள்ள போட்டு சுருட்டிடுது. பாய எடுத்துட்டா முள்ளு முள்ளா குத்துது. கீழ மிஷினு நின்னப்பதான் நான் கைய தூக்கிக்கினு இருந்தேன்."

"அப்ப ரெண்டு தபா பெயிலானது?"

"ரெண்டு தபாவும் அமைதியான ஹாலு. சுவத்துல ஒரு கடியாரம். நான் கணக்கயா போட்டேன்? கடியாரத்தயே கேட்டுக்கினு இருந்தேன். மண்டையில ஒண்ணும் இல்லன்னு நெனச்சிட்டேன்டா."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் பஸ் வரும் வரைதான் இருந்தது. ஏறப் போனவர் நின்று, "பரீட்ச ஹாலுக்கு மாவு மிஷின எப்பிட்றா கொண்டாறது?" என்றார்.

ஹால் டிக்கெட் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடம். நானும் ஸ்பேனரும் அவனுடைய வண்டியில் போய்ப் பார்த்தோம். மரம், மைதானம், குயில். அமைதியென்றால் அப்படி ஓர் அமைதி. "அக்கா செத்தாங்க" என்றான் ஸ்பேனர். பிறகு மதில் மேல் ஏறிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தான். அங்கே நெல் களம். அறுவடை தொடங்கியிருந்த நேரம். ஒரு ஓரத்தில் நெல் தூற்றும் பெரிய காற்றாடி, அதை ஓட்டும் டிராக்டரோடு நின்றிருந்தது.

"டேய், இது நான் ரிப்பேர் பண்ண வண்டிடா!"

டிராக்டர் சொந்தக்காரரை ஸ்பேனர் மாமா என்று கூப்பிடுவான். உறவு கிடையாது, அவன் யார் வண்டியைத் தொட்டாலும் அவர் மாமாதான். மாமாவிடம் விஷயத்தைச் சொன்னோம். கணக்குப் பரீட்சை நடக்கும் காலை முழுக்க மிஷின் ஓட வேண்டும்.

"நெல்லு இருந்தா ஓடும். இல்லன்னா இன்னாத்த தூத்துறது?"

"தூத்துனதயே திரும்ப தூத்து மாமா."

"தூத்துன நெல்ல தூத்துறவன ஊருல இன்னானு சொல்வாங்க தெரியுமா?"

"நான் ரிப்பேர் பண்ண வண்டிய ஓட்டுறவர இன்னானு சொல்றாங்களோ, அதயேதான் சொல்வாங்க. பழகிடும் மாமா."

மாமா சிரித்துவிட்டார். சிரித்துவிட்டால் சம்மதம். மாஸ்டர் மட்டும், முறைப்படி மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாமே என்றார். "சத்தம் வோணும்னு எழுதி குடுத்தா, பரீட்ச ஹாலுக்கா சார் அனுப்புவாங்க? நேரா கீழ்ப்பாக்கம் அனுப்பிடுவாங்க" என்றான் ஸ்பேனர். அதோடு அந்த யோசனை முடிந்தது.

கணக்குத் தேர்வு நாள். ஜன்னலை ஒட்டி அக்கா. அவருக்குப் பின்னால் நான். அடுத்த வரிசையில் ஸ்பேனர். எங்கள் டுடோரியல் ஆட்கள் பாதி, முகம் தெரியாதவர்கள் பாதி. கேள்வித்தாள் கொடுத்த சற்று நேரத்துக்கெல்லாம் மதிலுக்கு அப்பால் டிராக்டர் உறுமியது. காற்றாடி சுற்றத் தொடங்கியது. அறையே ஒரு நெல் மூட்டைக்குள் போனது போல ஆகிவிட்டது. அக்காவின் முதுகு தளர்வதை நான் பார்த்தேன். எழுத ஆரம்பித்தார்.

கண்காணிப்புக்கு வந்திருந்த மேடம் நல்லவர். அதுதான் தொல்லையாகப் போனது. காதைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். "பாவம், பசங்க எப்படி எழுதுவாங்க?" என்று சொல்லிப் பணியாளரை அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் டிராக்டர் நின்றது. மேடம் எங்களைப் பார்த்துத் தாயைப் போலப் புன்னகைத்தார்.

அக்காவின் பேனா நின்றது. மேலே சுவரில் கடிகாரம் இருந்தது.

கை எழுந்தது.

"என்னம்மா, அடிஷனல் ஷீட்டா?"

"இல்ல மேடம். அந்த மிஷினு ஓடட்டும் மேடம்."

"என்னது?"

"அது ஓடினாதான் எனக்கு கணக்கு வரும். இது எனக்கு கடசி தபா மேடம்."

மேடம் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அறையைப் பார்த்தார். "மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"எனக்கு இல்ல மேடம்" என்று ஸ்பேனர் எழுந்தான். நான் எழுந்தேன். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். தேர்தல் பிரச்சாரம் மாதிரி ஆகிவிட்டது. அப்போது முன் வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "எனக்குத் தொந்தரவா கீது மேடம். தல சுத்துது" என்றாள்.

ஸ்பேனர் அவளை முறைத்தான். அக்கா அவன் பக்கம் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"அப்ப வேணாம் மேடம். அந்தப் பொண்ணுக்கும் இது பரீட்சதான?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். சண்டை இல்லை, அழுகை இல்லை. பேனாவை மூடி, தாளின் மேல் வைத்தார். எத்தனையோ இடத்தில் மனிதர்கள் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு மரியாதையாக ஒருத்தர் தோற்றதைப் பார்த்ததில்லை.

மேடம் ஜன்னல் பக்கம் போனார். பிறகு களத்துப் பக்கம் இருந்த ஜன்னல்களை முன்னாலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தத் தொடங்கினார். அக்காவின் பக்கத்து ஜன்னலை மட்டும் விட்டுவிட்டார். "இப்போ உனக்குக் குறைச்சலாத்தான் கேட்கும், சரியாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள். "வெளியில மிஷின் ஓட நான் பர்மிஷன் குடுக்க முடியாது. நிறுத்தச் சொன்னது நான்தான். அதை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிப் பணியாளரை மறுபடி அனுப்பினார்.

களத்தில் மாமா சாவியைத் திருப்பும் சத்தம் கேட்டது. கிர்... கிர்... நின்றுவிட்டது. மறுபடி கிர்... கிர்... வண்டி கிளம்பவில்லை. அது நிறுத்தினால் கிளம்பாத வண்டி. ரிப்பேர் செய்தவன் எங்களோடு உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஸ்பேனர் நெளிந்தான். கேள்வித்தாளைக் கடித்தான். நாலாவது கிர்ருக்கு அவனால் முடியவில்லை. ஜன்னல் பக்கம் பாய்ந்து கத்தினான்.

"மாமா! டெர்மினல தட்டு!"

மேடம் துள்ளித் திரும்பினார். "யாருக்குப்பா விடை சொல்ற? டெர்மினல் எந்தக் கேள்விக்கு?"

"கேள்விக்கு இல்ல மேடம், பேட்டரிக்கு!"

வெளியே டொங்கென்று ஒரு அடி. டிராக்டர் குபீரென்று உயிர்பெற்றது. அக்கா பேனா மூடியைத் திறந்தார். முதல் முறையாகப் புடவையில் பிடிக்காமல், டப்பென்று திறந்தார். அதற்கப்புறம் மணி அடிக்கும் வரை நிமிரவில்லை. மாமா தூற்றின நெல்லையே தூற்றிக்கொண்டிருந்தார். பதர் பறந்து ஜன்னல் வழியாக வந்து அக்காவின் கொண்டையில் உட்கார்ந்தது; எனக்குக் கண்ணில் விழுந்தது.

முடிவு வந்தது. அக்கா பாஸ்; தேவைக்கு மேலேயே வாங்கியிருந்தார். ஸ்பேனர் பாஸ், எப்படி என்று அவனுக்கும் தெரியாது. நான் பெயில். திறந்திருந்த ஒரே ஜன்னலுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தச் சத்தத்தில் எனக்கு ஏழும் எட்டும் எவ்வளவு என்பதே மறந்துபோனது. எடை மேடை அறையில் வேறொருவன் உட்கார்ந்தான். நான் ஓசூர் பக்கம் போனேன்.

அடுத்த வருடம் லாரி ஒன்று அந்த வழியாக வந்தபோது பெருநகரில் இறங்கி அங்கன்வாடிக்குப் போனேன். கூரை பிய்ந்துபோகிற மாதிரி குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. நடுவில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை அவர் தோளில் தொங்கிக்கொண்டு அவர் காதுக்குள்ளேயே கத்தியது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அந்த மிஷினாலதான உனக்கு போச்சு?"

"அய்ய, மிஷினு இல்லன்னாலும் எனக்கு கணக்கு வராதுக்கா."

"பொய் சொல்றப்போ உன் தொண்டையில ஒரு சத்தம் வருதுடா. எனக்கு கேக்காதா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவர் உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவசரத்தில் உறிஞ்சிக்கொண்டுதான் சாப்பிட்டேன். கை எழவில்லை.

இப்போது நான் ஒரு டயர் கடையில் இருக்கிறேன். எப்போதாவது அக்கா போன் செய்வார். போன் வந்தால் எல்லோரும் சத்தமில்லாத இடம் தேடிப் போவார்கள். நான் கடையைச் சுற்றிக்கொண்டு ஓடி, காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஒட்டி நின்று எடுக்கிறேன். "இப்பதான்டா நீ பேசுறது சோக்கா கேக்குது" என்று தொடங்குவார். அதற்கு மேல் அவர் சொல்வதில் ஒரு வார்த்தை கூட எனக்குக் கேட்பதில்லை. ஆனாலும் அவர் வைக்கும் வரை நான் வைப்பதில்லை.